நெடுந்தீவின் வாசல்

நெடுந்தீவுக்குப் போறவை எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குதிரை எங்க நிக்குது?" நாங்களும் அந்தக் கேள்வியோடுதான் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். பக்கத்தில் இருந்த ஆச்சி எங்கட கமராவைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், ஊர் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டா. அவவின் மடியில் மருந்துப் பை. எங்களுக்குச் சுற்றுலாவாக இருந்த அந்தப் படகு அவவுக்கு ஆஸ்பத்திரியால் வீட்டுக்குத் திரும்பும் வழி.

2015 ஜூன் மாதம் நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குடாநாட்டின் கிழக்கு வாசலில் இருக்கும் சுண்டிக்குளமும் அதே நேரத்தில்தான் பூங்காவானது. நெடுந்தீவு முழுவதுமே ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அப்படிப் பார்த்தால் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது பூங்கா. வருகிறவர்களுக்கு நிழல், தண்ணீர், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை எல்லாம் வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வரவேற்பு என்று சொன்னால், ஆர் ஆரை வரவேற்கிறது? நெடுந்தீவின் வரலாற்றில் இது சின்னக் கேள்வி இல்லை.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் இதற்கு 'பசுக்களின் தீவு' என்று பொருள்படப் பெயர் வைத்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. நெடுந்தீவு டெல்ப்ற் ஆனது. மற்றப் பெயர்கள் வழக்கொழிந்துவிட்டன, இந்த ஒன்று மட்டும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் நிற்கிறது. ஒல்லாந்தரும் பின்னால் பிரித்தானியரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. நாங்கள் 'காட்டுக்குதிரை' என்று படம் எடுக்கிறவை, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட அந்தக் குதிரைகளின் வாரிசுகள். கோடையில் தண்ணீர் வற்றினால் முதலில் சாகிறவையும் அவைதான்.

இலங்கையின் பூங்காக்கள் தொடங்கிய விதத்தையும் மறக்கக்கூடாது. யால 1938இல் தேசியப் பூங்காவாக முன்னர், அதன் ஒரு பகுதி பிரித்தானிய ஆட்சிக்கால வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதாவது விருந்தாளி ஆர் என்று முதலில் முடிவாகும், அங்கே இருந்தவர்களைப் பற்றிய யோசனை பிறகுதான் வரும். இந்தப் பழக்கம் லேசில் போகாது.

இனி இறங்குதுறைக்கு வருவம். நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை முதல் முதியவர் வரை பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்பது உயிர் தப்பியோரின் சாட்சியம். அந்தப் படகைத் திருத்தி மறுபடியும் ஓடவிட்டார்கள். சனம் அதிலேயே ஏறிப் போய்வந்தது. வேற வழி என்ன இருந்தது? ஒவ்வொரு மே மாதமும் அந்த நினைவிடத்தில் விளக்கேற்றுகிறார்கள். நீதி மட்டும் இன்னும் வரவில்லை.

படகால் இறங்கின கையோடு ஓட்டோ பிடித்து, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குதிரை என்று நாங்கள் ஓடினோம். நினைவிடத்தைத் திரும்பி வரும்போதுதான் கண்டோம். வெட்கமாக இருந்தது. ஒரு தீவின் உண்மையான வாசலைத் தாண்டிப் போய் வேலிக் கற்களைப் படம் எடுத்திருக்கிறம்.

அதனால் பூங்காவுக்கு வரவேற்பு நிலையம் ஒன்று கட்டுவதென்றால் எங்கட பட்டியல் இப்படித்தான் இருக்கும். முதலாவது, படகில் தீவு மக்களுக்கு இடம் உறுதி. பயணிகள் கூடுகிற நாளில் நோயாளியோ பள்ளிக்கூடப் பிள்ளையோ துறையில் நிற்கக்கூடாது. இரண்டாவது, தண்ணீர். நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருக்கும் ஊரில் விருந்தாளிக்குக் குழாய் வைக்க முன்னம் ஊருக்கும் குதிரைக்கும் வழி பார்க்கவேண்டும். மூன்றாவது, வழிகாட்டிகள் தீவுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும். பூங்காவால் மேய்ச்சல் நிலத்துக்குக் கட்டுப்பாடு வந்தால், அதே பூங்காவால் வருமானமும் வரவேண்டும். நாலாவது, பலகைகள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் குதிரையின் கதை இருக்கட்டும், குமுதினியின் கதையும் இருக்கட்டும். தெற்கிலிருந்து வரும் எங்கட வயதுப் பிள்ளைகள் அதை வாசிக்கவேணும் என்று நாங்கள் விரும்புகிறோம். ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைக் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டில் நடந்த சாவைத் தெரிந்துகொண்டு கதைப்பதுதான் மரியாதை.

இறங்கும்போது ஆச்சி ஒன்று சொன்னா: "வெயில் ஏறமுன்னம் பாத்திட்டு வாங்கோ. கடைசிப் படகைத் தவறவிட்டிடாதேங்கோ." அண்டைக்கு எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். இனிக் கட்டப்போகும் கட்டடத்தில் அவவுக்கும் ஒரு கதிரை இருக்கவேணும்.