சிவப்பாய் மாறிய செல்கள்

நிரல்ல ஒரு வரியை மாத்துவேன், பிழை போயிடும். ஏன் போச்சுன்னு மூணு நாள் கழிச்சுத்தான் புரியும். பொட்டி தட்டுற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு புற்றுநோய் மருந்துக்கும் இதே கதைதான். என்ன, அங்கே மூணு நாள் இல்லை, 27 வருஷம் :-)

1971, நியூயார்க். எலியின் ரத்தப்புற்று செல்களை வளர்த்துக்கிட்டிருந்த சார்லட் ஃபிரெண்ட், அதுல டி.எம்.எஸ்.ஓ.ங்கற சாதாரண கரைப்பானைச் சேர்த்தாங்க. செல்கள் சிவப்பாயிடுச்சு. ஹீமோகுளோபின்! கண்டபடி பெருகின செல், ஒழுங்கா சிவப்பணு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கு. புற்றுசெல்லைக் கொல்லாமலே திருத்தலாமோ?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் பால் மார்க்ஸும் வேதியியலாளர் ரிச்சர்ட் பிரெஸ்லோவும் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதைவிட வீரியமா ஹெச்.எம்.பி.ஏ.ன்னு ஒண்ணு கிடைச்சது. நோயாளிகளுக்கு எக்கச்சக்கமா கொடுக்க வேண்டியிருந்தது, ரத்தத்தட்டுகள் குறைஞ்சது. அதை மாத்தி மாத்திச் செஞ்சதுல பிறந்ததுதான் சாஹா. நல்லா வேலை செஞ்சது. எப்படின்னுதான் தெரியலை.

1998ல் விடை கிடைச்சது: ஹிஸ்டோன். டி.என்.ஏ. நூல்னா, ஹிஸ்டோன் அதைச் சுத்தி வைக்கிற கட்டை. கட்டையோட வால்ல அசிட்டைல் ஒட்டினா சுத்து தளரும், உள்ளே இருக்கிற ஜீனைப் படிக்க முடியும். இதுக்கும் ஜீனுக்கும் தொடர்பு உண்டுன்னு வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964லேயே சொல்லியிருந்தார். அந்த அசிட்டைலைப் பிச்சு எடுக்கிற நொதியோட பள்ளத்துல போய் உட்கார்ந்து, அதை முடக்குது சாஹா. அசிட்டைல் சேரச் சேர, செல் பிரியறதை நிறுத்தச் சொல்ற பி21 ஜீன் திறக்குது.

இதுல பெரிய கூத்து, முன்னோடியான ஹெச்.எம்.பி.ஏ. இந்த நொதியைத் தொடறதே இல்லை! பழைய பூட்டுக்குச் சாவியை ராவிக்கிட்டே போய், வேற பூட்டைத் திறந்திருக்காங்க.

2006 அக்டோபர்ல, தோல்ல வர்ற டி-செல் லிம்ஃபோமாவுக்கு, வோரினோஸ்டாட்ங்கற பேர்ல அமெரிக்காவில் இதுக்கு அனுமதி கிடைச்சது. மாயமெல்லாம் இல்லை. 74 பேர்கிட்ட நடந்த சோதனையில சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் நோய் குறைஞ்சது. ஆனா வேற வழி தீர்ந்தவங்களுக்கு அது சின்ன விஷயமா?

சார்லட் ஃபிரெண்ட் இதைப் பார்க்கலை. 1987லேயே போயிட்டாங்க. அவங்களைக் கொண்டு போனதும் ஒரு லிம்ஃபோமாதான்.

இனிமே ஏன்னு தெரியாம பிழை போனா, கோப்பை மூடிட்டு டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி, அந்தச் சிவப்பு செல்கள் ஞாபகம் வரும் எனக்கு.