முத்துக்குளித்தலும் வரைபடப் புள்ளிகளும்

கணக்குப் பாடத்தில் வரைபடத்தாளில் இரண்டு கோடுகள் போட்டுப் புள்ளி வைக்கச் சொல்வார்கள். குறுக்கே போவது கிடை அச்சு, மேலே போவது செங்குத்து அச்சு. 1637-ல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தின் வடிவியல் நூல் இம்முறைக்கு அடித்தளம் இட்டது. இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தூத்துக்குடிக் கடல் நல்ல பதில் சொல்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளில் ஒட்டி வளர்கின்றன. இத்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் புகழ்பெற்றது. கடலுக்கு மேலிருந்து பார் தெரியாது. அதன் இடத்தைக் கடல் வரைபடத்தில் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்கள் வேண்டும். வரைபடத்தாளில் புள்ளி வைப்பதும் இதே வேலைதான்.

இடத்தைக் குறித்தால் போதுமா? எந்த ஆண்டில் சிப்பி இருக்கும் என்பதும் தெரிய வேண்டும். இப்போது கிடை அச்சில் ஆண்டையும் செங்குத்து அச்சில் எடுத்த சிப்பிகளையும் வைத்துப் பார்ப்போம். இதுவே சிதறல் விளக்கப்படம்.

முதலில் வளைகுடாவின் மறுகரையான இலங்கை. தூத்துக்குடிக் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் அங்கே போவது வழக்கம். 1892 முதல் 1902 வரை அங்கு முத்துக்குளிப்பே இல்லை. புள்ளிகள் எல்லாம் அடிக்கோட்டிலேயே கிடந்தன. 1903-ல் சுமார் 4.1 கோடிச் சிப்பிகள், 1904-ல் ஏறக்குறைய அதே அளவு, 1905-ல் சுமார் 8.1 கோடி. புள்ளிகள் வானத்தை நோக்கிப் போயின.

இதைப் பார்த்து 1906-ல் ஓர் ஆங்கில நிறுவனம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1906-ல் 6.7 கோடி கிடைத்தது. 1907-ல் சுமார் 2.1 கோடிதான். அதன்பின் ஒன்றுமில்லை. 1912-ல் நிறுவனமே கலைக்கப்பட்டது. மூன்று புள்ளிகளைப் பார்த்தவர்கள் அதற்கு முந்தைய 11 வெற்று ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

தூத்துக்குடியின் படமும் இப்படித்தான். 1860-களின் தொடக்கத்தில் ஒரு கொத்து, 1889-90-ல் ஒரு கொத்து, 1926-28-ல் ஒரு கொத்து. இடையில் ஓரிரு தனிப்புள்ளிகள். மற்றபடி நீண்ட இடைவெளிகள். 1955 முதல் 1961 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டும் நடக்கும் என்று குளியாட்கள் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 1961-தான் கடைசிப் புள்ளி.

காரணம் என்ன? சிப்பிக் குஞ்சுகள் சில வாரங்கள் நீரில் மிதந்து திரிகின்றன. நீரோட்டம் அவற்றைப் பாரில் சேர்க்கலாம், வேறெங்கோ கொண்டும் போகலாம். ஒட்டியவற்றையும் மணல் மூடலாம், திருக்கை போன்ற மீன்கள் தின்னலாம். ஆண்டு என்ற ஓர் அச்சு மட்டும் இவற்றைச் சொல்லாது.

இயற்கையை மட்டும் நம்பாமல், 1972-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. 1973-ல் உருண்டை முத்தை உருவாக்கி வெற்றியும் கண்டது.

புள்ளிகள் நடந்ததைக் காட்டும். அவற்றைக் கோடாக நீட்டி நடக்கப்போவதைச் சொல்லும் முன், முழுத்தாளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.