குரங்கின் பின் நடந்தவர்கள்: ஹோட்டன் சமவெளி முதல் கிபாலே வரை

ஆபிரிக்கக் காடுகளில் சிம்பன்சிகளைக் கால்நடையாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்த வரலாறு பெரும்பாலும் ஒரே பெயரோடு தொடங்கி, அதே பெயரோடு முடிக்கப்படுகின்றது. 1960 யூலை 14ஆம் நாள் தங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள கொம்பேயில் வந்திறங்கிய ஜேன் குடால் 2025 ஒக்ரோபர் முதலாம் நாள் மறைந்தபோதும் உலகம் அவ்வாறே எழுதிற்று. அப்புகழ் தகுதியானதே. ஆயினும், விலங்கொன்றின் பின்னே ஆண்டாண்டாக நடந்து அதன் வாழ்வை அறியும் முறை ஒருவரால் மட்டும் ஆனதன்று; ஆபிரிக்காவில் மட்டும் வளர்ந்ததுமன்று. அம்முறையின் ஒரு கிளை பொலநறுவையின் இடிபாடுகளிடையேயும், நம் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே மஞ்சு படர்ந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளியிலும் தழைத்தது. அங்கு நடந்து பழகிய இலங்கையர் ஒருவர் பின்னர் உகண்டாவின் கிபாலேக் காட்டுக்குச் சென்று அதே நடையைத் தொடர்ந்தார். ஆபிரிக்காவைப் பற்றி நாம் படிப்பதே வழக்கம். இங்கிருந்து ஆபிரிக்காவுக்குச் சென்ற அறிவு பற்றிப் பேசுவது குறைவு.

முதலில் அந்நடை எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். சிம்பன்சி ஒவ்வொரு மாலையிலும் மரக்கிளைகளை வளைத்துப் புதிதாக ஒரு படுக்கை அமைத்துக்கொள்கின்றது. தொடர்பவர் முதல்நாள் மாலையில் அப்படுக்கை அமைந்த மரத்தை அறிந்துகொண்டு, மறுநாள் விடியுமுன் அதனடியில் நிற்றல் வேண்டும். தவறினால் அன்றைய நாள் வீணாகும். விடிந்தபின் அது செல்லுமிடமெல்லாம் கொடியும் முள்ளும் சேறும் கடந்து செல்ல வேண்டும். ஆனால் இவையெல்லாம் பிந்திய நிலை. தொடக்கத்தில் மனிதனைக் கண்ட மாத்திரத்திலேயே அவை ஓடிவிடும். குடால் முதற்சில மாதங்களில் மலைமுகடொன்றிலிருந்து தொலைநோக்கியினூடாகவே அவற்றைக் கண்டார். 1960 நவம்பர் அளவிலே, ‘டேவிட் கிறேபியர்ட்’ என அவர் பெயரிட்ட ஆண் சிம்பன்சி புல்தண்டைக் கறையான் புற்றினுள் நுழைத்துக் கறையான்களை எடுத்துண்டதைக் கண்டு எழுதினார். கருவி செய்வது மனிதனுக்கே உரியது என்ற கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. விலங்குகளுக்கு எண்ணிடாது பெயரிட்டமை அக்காலத்து அறிஞர் சிலருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஆனால் அம்முறையின் உயிர்நிலையே அதிலேதான் இருந்தது. கூட்டத்தைக் காண்பது வேறு. கூட்டத்துள் இன்னது இன்னாருடைய மகன், இன்னது நேற்று நொண்டியது என்று அறிவது வேறு.

அவ்வாறு அறிந்தவர்கள் யார் என்று வினவினால் வரலாறு சற்று மாறித் தோன்றும். 1974 தை மாதத்தில் கொம்பேயில் ஒரு குழுவின் ஆண் சிம்பன்சிகள் கூடிச்சென்று, தம்மிடமிருந்து பிரிந்த குழுவினதாகிய ‘கோடி’ என்னும் ஆணைத் தாக்கின. சிம்பன்சிகளுக்கிடையே போர் போன்ற பகைமை உண்டு என்பதை உலகுக்கு அறிவித்த முதல் நிகழ்ச்சி அது. அதனை நேரிற் கண்டவர் ஹிலாலி மத்தாமா என்னும் தன்சானியக் களப்பணியாளர். 1975 மே மாதத்தில் ஆயுதந்தாங்கியோர் ஏரியைக் கடந்துவந்து மாணவர் நால்வரைக் கடத்திச் சென்றபின், அயல்நாட்டு மாணவர்கள் அங்கிருந்து வெளியேறினர். குறிப்பெடுத்தல் நின்றுவிடவில்லை. உள்ளூர்ப் பணியாளர்களே விடியலிற் சென்று மாலையில் மீண்டு ஏடுகளை நிரப்பினர். கொம்பேயின் அறுபதாண்டுத் தொடர்ச்சி என இன்று போற்றப்படுவது அவர்களுடைய கால்களால் ஆனது. நூல்களின் அட்டையில் அவர்தம் பெயர்கள் காணப்படுவதில்லை.

நெருங்குவதற்குக் குறுக்குவழிகளும் கையாளப்பட்டன. கொம்பேயில் வாழைப்பழமும், யப்பானிய அறிஞர் தொசிசாடா நிசிடா 1965இல் ஆய்வைத் தொடங்கிய மஹாலே மலையில் கரும்பும் இட்டு விலங்குகள் ஈர்க்கப்பட்டன. உணவுக்காகக் கூடிய இடத்தில் சண்டை மிகுந்தமையால் கண்டது இயல்பான நடத்தையோ என்ற ஐயம் எழுந்தது. ஐவரி கோஸ்ற் நாட்டின் தாய்க் காட்டில் 1979இல் ஆய்வைத் தொடங்கிய கிறிஸ்தோப் போஷ் உணவிடாது, ஓசையை வைத்தே தொடர்ந்தார். விலங்குகள் அவரைப் பொறுத்துக்கொள்ள ஆண்டுகள் பல சென்றன. பொறுமையே அங்கு கருவியாயிற்று எனலாம்.

இனி இலங்கைக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றினத்தை வேறு பிரித்து, ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் வழங்குகின்றது. வால் நீண்டு இலையுண்டு வாழும் இனத்தையே முசு என்பர். இச்சொல் வழக்கொழிந்தது இழப்பே. சிங்களத்தில் ‘ரிலவா’ என்பதையும் ‘வந்துரா’ என்பதையும் சிறுபிள்ளையும் வேறுபடுத்தும். நாமோ இரண்டையும் ‘குரங்கு’ என்றே விரட்டுகின்றோம். இக்கட்டுரையில் ரிலவா செங்குரங்கு எனவும், வந்துரா முசு எனவும் குறிக்கப்படும்.

1960களின் தொடக்கத்தில் சூசன் றிப்ளி என்னும் அமெரிக்கர் பொலநறுவையிற் சாம்பல்நிற முசுக்களை ஆராய்ந்தார். 1968இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆதரவில் வொல்ப்காங் டிட்டஸ் அங்கே செங்குரங்குகளைத் தொடரத் தொடங்கினார். ஒவ்வொரு விலங்கையும் முகத்தாலும் தழும்பாலும் அடையாளங்கண்டு, பிறப்பும் இறப்பும் தாய்வழியும் பதிந்து செல்லும் அவ்வாய்வு அரை நூற்றாண்டைக் கடந்தது. கோயில் இடிபாடுகளில் மனிதரைக் கண்டு பழகியவை ஆகையால் அணுகுவது கொம்பேயைப் போல் அரிதாயிருக்கவில்லை. அரிதாயிருந்தது விடாது தொடர்தல். அத்தொடர்ச்சியின் பயனை அவர் 1979இல் வெளியிட்ட கட்டுரை காட்டும். ஆண்குட்டிகளுள் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பதும், பெண்குட்டிகளுள் அதனிற் சற்றே குறைவானவையும் முதிர்ச்சி அடையுமுன்னரே மடிந்தன. வலியவை உணவிலிருந்து எளியவற்றை ஒதுக்குவது அதற்கு முக்கிய காரணம். மரக்கிளையில் கும்மாளமிடும் கூட்டத்தை ஒருநாள் பார்ப்பவர்க்கு இது தெரியவே தெரியாது. பத்தாண்டு பெயர்சொல்லித் தொடர்ந்தவர்க்கே, நேற்றிருந்தது இன்று இல்லை என்பது தெரியும்.

இக்காலத்திலேயே இராசநாயகம் ருத்ரன் ஊதாமுக முசுவை ஆராய்ந்தார். இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாத இனம் அது. வரண்ட வலயத்துப் பொலநறுவையில் ஒரு கிளையினம். 7000 அடி உயரத்தை அண்டிய ஹோட்டன் சமவெளியில், குளிருக்கேற்ப உரோமம் அடர்ந்த இன்னொரு கிளையினம். இரண்டையும் ஒப்பிட்டு 1970இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு முதுமாணி ஆய்வேட்டை அளித்தார். மலைக்காட்டு முசு தரைக்கு இறங்குவது குறைவு. மரமுடியிலேயே அது வாழ்நாளைக் கழிக்கின்றது. மஞ்சு இறங்கினால் பத்தடிக்கப்பால் மரமே தெரியாத இடத்தில், விடியற்காலை கடுவன் எழுப்பும் உரத்த குரலே அதன் இருப்பிடத்தை உணர்த்தும். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்று, ஒரே கடுவனை உடைய கூட்டங்களுள் வெளிக்கடுவன் புகுந்து பழையதை விரட்டுவதையும், அதன்பின் குட்டிகள் கூட்டத்திலிருந்து மறைந்துபோவதையும் ஆராய்ந்தது. இந்தியாவின் தார்வாரில் யுகிமாரு சுகியாமா முசுக்களிடையே சிசுக்கொலையைக் கண்டு எழுதிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அறிஞருலகம் அதனை நம்பத் தயங்கிய வேளையில் இலங்கைச் சான்று சேர்ந்தது.

அவ்வாய்வு ஹோட்டன் சமவெளியில் நிகழ்ந்தமை தற்செயலன்று. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின்பின் மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களுக்கெனக் கைமாறின. காட்டை வெட்டிச் சாய்த்ததில் சிங்களக் கிராமத்தவரின் கோடரியும் இருந்தது. தமிழகத்திலிருந்து நடந்து வந்தோரின் உழைப்பும் இருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியது. இதனிடையே 1873இல், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடுவதென அரசு முடிவு செய்தது. அக்கோடு முற்றாகக் காக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சூழ 6000 அடியிலும் தேயிலை உண்டு. எனினும் ஹோட்டன் சமவெளி தப்பியது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே அக்கோட்டின் கீழே அமைந்த றொசல்ல தப்பவில்லை. அங்குள்ள நிலையத்தில் இறங்குவோர் காண்பது கொழுந்து மலைகளையும், ஆற்றோரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் ஒட்டியிருக்கும் காட்டுத் துண்டுகளையுமே. 1940இல் புகலிடமாக்கப்பட்ட சிவனொளிபாதமலைக் காடு தெற்கே எஞ்சி நிற்கின்றது. முசுக்களைத் தொடர்ந்து எங்கே நடக்கலாம் என்பதை 1873ஆம் ஆண்டின் கோடே தீர்மானித்துவிட்டது எனின் மிகையாகாது.

மேலே முசுக்கள் ஒவ்வொன்றாக அடையாளங் காணப்பட்ட ஆண்டுகளில், கீழே லயங்களில் வாழ்ந்த மக்கள் வேறு வகையிற் கணிக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை 5,25,000 எனவும், 3,00,000 எனவும், பின்னர் முடிவு செய்ய 1,50,000 எனவும் பங்கிட்டது. மனிதரையும் விலங்கையும் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. எண்ணிக்கை என்பது எத்துணை எளிதில் முகங்களை மறைத்துவிடும் என்பதற்கு மலைநாட்டார் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ருத்ரன் பின்னர் உகண்டாவுக்குச் சென்றார். மேற்கு உகண்டாவின் கிபாலேக் காட்டில் 1970இல் தோமஸ் ஸ்ட்ரசேக்கர் செங்கொலோபசுக் குரங்குகளை ஆராயத் தொடங்கியிருந்தார். ருத்ரன் அங்கு நீலக்குரங்குகளைத் தொடர்ந்தார். அவ்வாய்வை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1978இல் நூலாக வெளியிட்டது. ஒரே கடுவனுடைய கூட்டம், வெளியிலிருந்து வந்து புகும் கடுவன் என்னும் வினாக்கள் ஹோட்டன் சமவெளியிலிருந்து அவருடன் சென்றவையே. அதே காட்டில் 1976இன் இறுதியில் மைக்கல் கிக்லியேரி சிம்பன்சிகளைத் தொடரத் தொடங்கினார். 1987இல் றிச்சட் ராங்கம் தொடங்கிய சிம்பன்சி ஆய்வு இன்றும் நடைபெறுகின்றது. காட்டுக்குள் பாதை வெட்டியும் விடியலிற் புறப்பட்டும் அவ்வாய்வுகளைத் தாங்குவோர், கொம்பேயிற் போலவே, அயற்கிராமத்தவர்.

கிபாலேயின் காட்டெல்லை மலைநாட்டார்க்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கும் காடு முடியுமிடத்தில் தேயிலை தொடங்குகின்றது. மானுக்கும் பன்றிக்கும் வைத்த கம்பிச் சுருக்கிற் சிக்கிக் கையோ காலோ சிதைந்த சிம்பன்சிகள் பல. 1997 முதல் ஒரு குழு காட்டில் நடந்து சுருக்குகளை அகற்றி வருகின்றது. சிம்பன்சியைத் தொடர்ந்தவர்களே அச்சுருக்குகளையும் கண்டவர்கள். நம் பக்கத்தில், 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கிற் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. அது சிக்கியபின்னரே அது அங்கிருந்தது பலருக்குத் தெரிந்தது.

தொடர்தலிலும் தீங்குண்டு என்பதை மறைக்கலாகாது. மனிதரின் சளியும் இருமலும் சிம்பன்சிகளைக் கொல்லவல்லவை. தாய்க் காட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. ஆதலால் இன்று தொடர்வோர் முகக்கவசம் அணிந்து விலகி நிற்கின்றனர். நெருங்குதற்கு ஆண்டுகள் செலவிட்டவர்கள் விலகுதற்கும் கற்கவேண்டியதாயிற்று.

இலங்கையிலோ விவாதம் வேறு திசையிற் செல்கின்றது. 2023 ஏப்ரிலில் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் திட்டத்தை விவசாய அமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பெழுந்து, வழக்கும் தொடரப்பட்டபின் அது கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 8.05 வரை, தத்தம் காணியிற் காணும் குரங்கு, மயில், மரஅணில் முதலியவற்றை எண்ணித் தருமாறு நாட்டு மக்கள் கேட்கப்பட்டனர். பயிரிழந்த விவசாயியின் துயர் பொய்யன்று. லயத்துப் புறத்தே மரக்கறித் தோட்டம் வைத்தவர் எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டம் இரு காணிகளிற் காணப்பட்டால் அது இரண்டாகும். காட்டிலிருப்பது எண்ணிலேயே வராது. எத்தனை குட்டிகள் முதிர்ச்சி அடைகின்றன, உணவு மிகும்போது அவ்விகிதம் எவ்வாறு மாறும் என்பன பயிர்காப்போர்க்குத்தான் முதலில் வேண்டியவை. அவற்றுக்கான விடை அவ்வைந்து நிமிடத்தில் இல்லை. பொலநறுவையின் ஏடுகளில் உண்டு.

ருத்ரன் முதுமையிலும் முசுவை விடவில்லை. கொழும்பைச் சூழ்ந்த மேல்மாகாணத்து ஊதாமுக முசுவைப் பற்றிய அவரது ஆய்வறிக்கை 2007இல் வெளிவந்தது. அவ்வினம் வாழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி காடிழந்து நகரமாகிவிட்டிருந்தது. எஞ்சிய கூட்டங்களைத் தேடி நடக்கவேண்டியிருந்தது காட்டுப் பாதைகளில் அன்று, வீட்டுத் தோட்டங்களிடையே. அங்கு மரமுடிகள் தொடர்ந்திராமையால் முசுக்கள் கூரைகள் மீதும் மின்கம்பிகள் வழியாகவும் செல்கின்றன. கம்பியில் மின்தாக்கி விழுவனவும் உண்டு.