ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரின் மரணத்துயரும் வியாகுலப் பிரசங்கமும்

ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துக் கத்தோலிக்கர் பட்ட இன்னல்களை எழுதியோர் தடைச்சட்டங்களையும் தலைமறைவாகத் திரிந்த குருமாரையும் விரிவாகப் பேசியுள்ளனர். ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தபோது அத்தடை எவ்வாறு உணரப்பட்டது என்ற வினா அத்துணைக் கவனம் பெறவில்லை.

1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென அவ்வாண்டிலேயே பிரகடனஞ் செய்யப்பட்டது. 1687 இல் யோசே வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அங்கு நிலையாகத் தங்கிய குரு எவருமிலர். ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் மக்கள் ஒல்லாந்தச் சபையையும் அதன் பள்ளிக்கூடத் தோம்பையும் நாடினர். சொத்துரிமை அதிலேயே தங்கியிருந்தமையாற் பலர் இதனை வெளிவேடமாகவே நிறைவேற்றினர். சாவுக்கு அவ்வாறு வேடம் பூணவியலாது. பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் இன்றி இறப்பவனின் ஆத்துமா என்னாகும் என்ற அச்சம், போர்த்துக்கேயர் காலத்தில் மதம் மாறியோரின் மக்களையும் பேரரையும் விட்டகலவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தையும் இறந்தோருக்காக மன்றாடும் வழக்கத்தையும் கல்வினைப் பின்பற்றிய ஒல்லாந்தச் சபை அடியோடு மறுத்தது. எனவே, இறப்பவனருகிற் குரு இல்லை; இறந்தபின் அவனுக்காகச் செய்யத்தக்கதும் ஒன்றில்லை.

அச்சபை ஏற்றிருந்த ஹைடல்பர்க் ஞானோபதேசத்தின் (1563) முதல் வினாவே வாழ்விலும் சாவிலும் மனிதனுக்குரிய ஆறுதல் எது என்பது பற்றியதாகும். ஆறுதலைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்த மரபொன்றை வெறுங் கொடுமையின் வடிவமாகக் காட்டுவது வரலாற்றுக்கு நியாயமன்று. ஆயினும் அரசாணையோடு வந்த அந்த ஆறுதல் துக்கவீட்டின் திண்ணையைத் தாண்டவில்லை.

வாஸ் அடிகளும் அவருக்குப்பின் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோரியக் குருமாரும் தொகையிற் சிலரே. ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவிமாரும் பொறுப்பேற்றனர். செபம் கற்பித்தல், குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளித்தல், மரணப்படுக்கையருகில் இருந்து மன்றாடுதல் எனக் குருவின் பணியில் ஒரு பகுதி பொதுமக்கள் கைக்கு வந்தது. கோட்பாட்டிலும் இதற்கு இடமிருந்தது. பாவசங்கீர்த்தனஞ் செய்யும் விருப்பத்தோடு கூடிய உத்தம மனஸ்தாபம் இறைவனோடு ஒப்புரவாக்க வல்லதெனத் திரிதெந்தீன் சங்கம் 1551 இற் போதித்திருந்தது. தண்டனைக்கு அஞ்சுவதாலன்றி இறையன்பினால் எழும் துயரமே உத்தம மனஸ்தாபம். எழுத்தறியாத ஒரு கடற்றொழிலாளியின் நெஞ்சில் அத்துயரத்தை எழுப்புவது எங்ஙனம்?

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை இப்பின்னணியில் வைத்தே படித்தல் வேண்டும். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் 1705 இல் இலங்கைக்கு வந்தார். 1742 இற் போலவத்தையில் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் ஏராளமாக எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிக்கும் இந்நூல் ஓலையிற் பிரதிசெய்யப்பட்டுக் குரலாற் பரவியது. தவக்காலத்தில் ஒருவர் சோக இராகத்தில் இழுத்து வாசிக்க, ஏனையோர் கேட்டு அழுவர்.

அவர்கள் கிறிஸ்துவுக்காக மட்டும் அழுதனர் என்று கொள்வதற்கில்லை. எமது ஒப்பாரியில், ஒரு சாவீட்டில் அழும் பெண் தன் வீட்டுப் பழைய சாவுகளையும் சேர்த்தே அழுகிறாள். பிள்ளையின் பிணத்தை மடியிலேந்திய மரியாளின் வியாகுலத்தில் ஊர்ப்பெண்கள் தம் இழப்பையும் ஏற்றினர் எனக் கருத இடமுண்டு. குருவின்றிப் புதைக்கப்பட்டவனுக்கான அழுகைக்கு ஆண்டுதோறும் ஊரறிந்த ஓரிடம் கிடைத்தது. அழுகையை அடக்குவதே ஆறுதல் என்று எண்ணும் கற்றோர்க்கு இது மூடத்தனமாகத் தோன்றலாம். மார்க்ஸ் சமயத்தை அபின் என்றதை மட்டும் நினைவிற் கொள்ளும் எம் நண்பர்கள் சிலர், அதே பந்தியில் ஒடுக்கப்பட்டோரின் துயரையும் அவர் கணக்கிலெடுத்ததை மறந்துவிடுகின்றனர்.

அழுகையோடு எல்லாம் அமைந்துவிடவுமில்லை. 1697 இற் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, உறவினராற் கைவிடப்பட்ட நோயாளரை மதபேதமின்றி வாஸ் அடிகள் பராமரித்தார், இறந்தோரைப் புதைத்தார். மறுபுறம், ஒன்றாக அழுத சபை சாதியை மறந்துவிட்டதென எண்ணலாகாது. யாழ்ப்பாணத்து ஆலயங்கள் சிலவற்றில் ஆசனத்திலும் சேமக்காலையிலும் சாதி பார்க்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

1806 இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினர். குருமார் வெளிப்படையாகப் பணியாற்றினர். பிரசங்க வாசிப்போ நின்றுவிடவில்லை. அதனைத் தோற்றுவித்த குறை நீங்கியபின்னும் அது நிலைத்தமைக்குக் காரணத்தை ஏட்டிலன்றிக் கேட்போரிடமே தேடவேண்டும். 1995 யூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயச் சூழலிற் தஞ்சமடைந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சிற் பெருந்தொகையாக மாண்டனர். அத்தகைய இழப்பைக் கண்ட ஊர்களில் தவக்கால வாசிப்பைக் கேட்கும் முதியோர் எந்த முகங்களை நினைந்து அழுகின்றனர் என்பதை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே எமது மாணவர் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.