மின்னலுக்கும் இடிக்கும் நடுவே: ஒலியின் வேகத்தை அளந்த வரலாற்றில் பரங்கிமலைப் பீரங்கி

மின்னல் வெட்டியதும் வரப்போகும் இடிக்காகக் காதைப் பொத்திக்கொண்டு காத்திராத பிள்ளை இருக்க முடியாது. பெரியவர்கள் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்பார்கள். பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்குவார்கள். எண்ணி வந்த விநாடிகளை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இறங்கியது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அந்த ‘மூன்று’ என்ற எண்ணைக் கண்டடைய ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. கோயில் கோபுரத்தில் நின்ற ஒரு பாதிரியாரும், தன் கணக்கே தன்னைக் கைவிட்டதைக் கண்ட நியூட்டனும், நள்ளிரவில் பீரங்கி வெடித்துக் காத்திருந்த பாரிஸ் அறிஞர்களும் அந்த வரலாற்றில் வருகிறார்கள். 1820-21இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆய்வும் அதில் உண்டு. ஒலியின் வேகம் பற்றிய நூல்கள் பலவும் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அதைவிட அதிகமான இடம் அதற்கு உரியது என்பது என் கருத்து.

ஒளி முந்துகிறது, ஒலி பிந்துகிறது என்பது பழங்காலம் தொட்டே தெரிந்த செய்தி. எவ்வளவு பிந்துகிறது என்று கடிகாரத்தை வைத்துக் கேட்கும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பிரான்சில் பியர் கசாந்தி, பீரங்கியின் கனத்த ஓசையும் துப்பாக்கியின் கூர்ந்த ஓசையும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன என்று காட்டினார். கூர்ந்த ஓசை விரைந்து வரும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. ஆனால் அவர் பெற்ற வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 478 மீட்டர். உண்மையைவிட மிக அதிகம். அவருடைய நண்பரும் துறவியுமான மரேன் மெர்சேன் பெற்றது 448. கைக்கு எட்டிய ஊசல்களும் துல்லியம் குறைந்த கடிகாரங்களும் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. 1660இல் ராபர்ட் பாயில் கண்ணாடிக் கலத்துக்குள் நூலில் ஒரு சிறு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார். டிக்டிக் ஓசை தேய்ந்து மறைந்தது. ஒலியைச் சுமந்து வருவது காற்றுதான் என்றால், அதன் வேகத்தைக் காற்றின் இயல்பிலிருந்தே கணக்கிட முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னவர் நியூட்டன். 1687இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’வின் இரண்டாம் பகுதியில், காற்றின் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒலியின் வேகம் கிடைக்கும் என்று காட்டினார். கருவியே தொடாமல், காகிதத்தில் மட்டும் ஒலியின் வேகத்தைக் கணித்த முதல் முயற்சி அது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நீண்ட தூண் தாழ்வாரத்தில் எதிரொலியை ஊசலோடு ஒப்பிட்டுச் சோதித்தும் பார்த்தார். கணக்கும் செவியும் ஏறத்தாழ ஒத்துப்போவதாகவே அப்போது தோன்றியது.

அதைக் குலைத்தவர் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் அப்மின்ஸ்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் டெர்ஹம். தம் தேவாலயக் கோபுரத்தில் தொலைநோக்கியோடு நின்று, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் பிளாக்ஹீத் வெளியில் வெடித்த பீரங்கிகளின் தீப்பொறியைப் பார்த்து, அரை விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் ஊசலைக் கொண்டு ஓசை வரும்வரை எண்ணினார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1709இல் அவர் வெளியிட்ட முடிவு விநாடிக்கு 1,142 அடி, அதாவது 348 மீட்டர். நூறு ஆண்டுக்கும் மேல் இங்கிலாந்துப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட எண் இது. காற்று அடிக்கும் திசை வேகத்தை மாற்றுகிறது என்பதை டெர்ஹம் கண்டுகொண்டார். கோடையோ குளிர்காலமோ, பகலோ இரவோ, அதனால் வேறுபாடில்லை என்றும் உறுதியாக எழுதினார். முதல் முடிவு சரி, இரண்டாவது தவறு.

நியூட்டனின் கணக்கில் கிடைத்தது 979 அடி. டெர்ஹமின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு குறைவு. 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் நியூட்டன் இந்த இடைவெளியை அடைக்க முயன்றார். காற்றுத் துகள்களுக்குத் தடிமன் உண்டு, அவற்றுக்குள் ஒலி நொடியில் கடந்துவிடுகிறது என்றார். காற்றில் கலந்துள்ள நீராவி ஒலியில் பங்கெடுப்பதில்லை என்று இன்னொரு திருத்தத்தைச் சேர்த்தார். கூட்டிப் பார்த்தால் 1,142 வந்தது. விடையைப் பார்த்து வழியை அமைத்துக்கொண்ட கணக்கு இது என்பதை அவரைப் போற்றியவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். மேதையின் பெயரால் ஒரு பிழை நூறாண்டு காக்கப்பட்டதற்கு இது ஒரு சான்று. அந்தப் பெயரின் எடை இல்லாதிருந்தால் உண்மையான காரணத்தைத் தேடும் வேலை முன்பே தொடங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

இதற்கிடையே அளவீடு தன் வழியில் முன்னேறிக்கொண்டிருந்தது. 1738இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் சார்பில் கசினி டி துரி, மரால்டி, லக்காய் மூவரும் மொன்மார்த்ர் குன்றுக்கும் மொன்லெரிக் கோபுரத்துக்கும் இடையே இரவில் பீரங்கி வெடித்து, விநாடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர் என்று கண்டார்கள். 1740இல் இத்தாலியின் பொலோன்யாவில் பியான்கோனி ஒரே தொலைவைக் கோடையிலும் குளிர்காலத்திலும் அளந்து, குளிரில் ஒலி தாமதமாவதைக் காட்டினார். ஐரோப்பிய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போனதற்கு ஒரு காரணம் இதில் இருந்தது. லண்டன் கோடையிலும் பாரிஸ் குளிரிலும் அளந்தவர்கள் ஒரே எண்ணை எதிர்பார்த்ததே பிழை.

நியூட்டனின் குறையைத் தீர்த்தவர் லாப்லாஸ். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கையால் தொட்டே அறியலாம். காற்றை அழுத்தினால் வெப்பம் உண்டாகிறது. ஒலி செல்லும்போதும் காற்று கணத்துக்குக் கணம் அழுந்தி விரிகிறது. அழுந்தும் இடம் சற்றே சூடாகிறது. அந்தச் சூடு சுற்றிலும் பரவ நேரம் போதாது. சூடான காற்று இன்னும் வலுவாக எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் ஒலி விரைகிறது. நியூட்டன் இந்தச் சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1816இல் லாப்லாஸ் அதைச் சேர்த்ததும் வர்க்கமூலத்துக்குள் 1.4 என்ற பெருக்கல் காரணி வந்து சேர்ந்தது. வேகம் ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்ந்து அளவீட்டோடு ஒத்துப்போனது. வாயுக்களின் வெப்ப இயல்பைப் பற்றிய அறிவு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்ததால், அந்தக் காரணியின் சரியான மதிப்பு நிலைபெறப் பின்னும் பல சோதனைகள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில்தான் சென்னை வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தின் பொறுப்பாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹம். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அறிந்த கட்டடத்தை எழுப்பியவரும் அவரே. சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்த அவருக்கு நகரில் அன்றாடம் கேட்கும் இரண்டு வேட்டுகள் கருவியாகக் கிடைத்தன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும், பீரங்கிப் படை தங்கியிருந்த பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி வெடிப்பது வழக்கம். கோட்டை, வானாய்வகத்துக்குக் கிழக்கே 13,932 அடி. பரங்கிமலை தென்மேற்கே 29,547 அடி. தீ மின்னியதிலிருந்து ஓசை வரும்வரை கோட்டை வேட்டுக்கு ஏறத்தாழ 12 விநாடி; மலை வேட்டுக்கு 26 விநாடி. தனியாக வெடிமருந்தோ ஆட்களோ வேண்டியதில்லை. நகரத்தின் நாள்வழக்கமே சோதனைச்சாலை ஆனது. ஒவ்வொரு வேட்டோடும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி, காற்றின் திசை எல்லாம் குறிக்கப்பட்டன.

பாரிஸில் சில இரவுகளில் முடிந்துபோன வேலை இங்கே எல்லாப் பருவங்களிலும் தொடர்ந்தது என்பதே இந்த ஆய்வின் தனிச் சிறப்பு. முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. மாதவாரிச் சராசரிகளைப் பார்த்தால் டிசம்பரில் 1,099 அடி, ஏப்ரலில் 1,145, ஜூலையில் 1,164. பன்னிரண்டு மாதங்களின் சராசரி ஏறத்தாழ 1,134 அடி. சென்னையின் வெப்பத்துக்கு இன்றைய கணக்கில் வர வேண்டிய மதிப்போடு ஒரு விழுக்காடு அளவே வேறுபடுகிறது. வெப்பமானியில் ஒரு ஃபாரன்ஹீட் பாகை உயர்ந்தால் வேகம் 1.2 அடி கூடுகிறது என்று அவர் முடிவுசெய்தார். இன்றைய மதிப்பு 1.1. இருநூறு ஆண்டுக்கு முன் கண்ணையும் காதையும் நம்பி எடுத்த எண் இவ்வளவு அருகில் நிற்பது வியப்பளிக்கிறது.

ஆனால் டிசம்பருக்கும் ஜூலைக்கும் இடையிலான 65 அடி வேறுபாட்டை வெப்பம் விளக்காது. இரண்டு மாதங்களின் சராசரி வெப்பத்துக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 7 ஃபாரன்ஹீட் பாகைதான். அதனால் 9 அடிக்கு மேல் கூட வழியில்லை. இந்த வேகங்களைப் பரங்கிமலைத் தொலைவுக்குப் பொருத்தினால் மார்கழியில் வேட்டு, ஆடியில் வருவதைவிட ஒன்றரை விநாடி பிந்தி வருகிறது. வெறும் செவிக்கே தெரியும் வேறுபாடு அது. கோல்டிங்ஹம் மிச்சத்தை ஈரப்பதத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் பகிர்ந்து கொடுத்தார். காற்றழுத்தமானி ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு மாறினால் வேகம் 9.2 அடி மாறும் என்று எழுதினார்.

இதில்தான் சிக்கல். அழுத்தம் கூடினால் அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடும். வகுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே காற்றழுத்தம் தனியாக ஒலியின் வேகத்தை மாற்றுவதில்லை. அப்படியானால் அவர் கண்ட உறவு எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் பெரும்பங்கு பருவக்காற்றுடையது. சென்னையில் மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் உயர்ந்திருக்கும். மேல்காற்று பரங்கிமலையிலிருந்து வரும் ஓசையை நுங்கம்பாக்கத்தை நோக்கித் தள்ளும். வாடை அதையே எதிர்த்து நிற்கும். அழுத்தமும் காற்றும் ஒன்றாகவே திரும்புவதால், காற்று செய்த வேலை அழுத்தத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. காற்றின் ஆற்றலைக் கோல்டிங்ஹம் அறியாதவர் அல்லர். ஓசையோடு சேர்ந்து வீசும் காற்றுக்கும் எதிர்த்து வீசும் காற்றுக்கும் விநாடிக்கு 21 அடி வேறுபாடு உண்டு என்று தாமே குறித்திருக்கிறார். ஆனால் ஒவ்வோர் இடத்து வேட்டும் எப்போதும் ஒரே திசையில்தான் வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து திருப்பி வெடிக்கப் பீரங்கி இருந்திருந்தால் இரு திசை நேரங்களையும் கூட்டிக் காற்றை நீக்கியிருக்கலாம்.

அதைச் செய்தவர்கள் பாரிஸ்காரர்கள். 1822 ஜூன் 21, 22 இரவுகளில் அராகோ, ப்ரோனி, கே-லுசாக், ஹம்போல்ட் உள்ளிட்டோர் இரு அணியாகப் பிரிந்து வில்ழுயிஃபிலும் மொன்லெரியிலும் நின்று, பதினெட்டரைக் கிலோமீட்டர் இடைவெளியில் மாறிமாறி வெடித்தார்கள். 15.9 செல்சியஸ் பாகையில் 340.9 மீட்டர் கிடைத்தது. அங்கும் ஒரு தொல்லை: ஒரு திசையில் சென்ற வேட்டுகள் நன்றாகக் கேட்டன, எதிர்த்திசையில் பல கேட்கவே இல்லை. காற்று ஒலியின் வேகத்தை மாற்றுவதோடு அதை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்தும் விடுகிறது என்ற விளக்கத்தை 1857இல் ஸ்டோக்ஸ் தந்தார். தொலைதூர மின்னல் கண்ணுக்குத் தெரிந்தும் இடி கேட்காமல் போவதற்கும் இத்தகைய வளைவே காரணம். மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1826இல் கொலடோனும் ஸ்டர்மும் ஜெனிவா ஏரியில் நீருக்கடியில் மணியடித்து, நீரில் ஒலி விநாடிக்கு 1,435 மீட்டர் செல்வதைக் கண்டார்கள். 1860களில் ரெனோ, பாரிஸின் நிலத்தடிக் குழாய்களில் மின்தந்தி முறையால் நேரத்தைத் தானே பதியவைத்து, கண்ட கணத்துக்கும் எண்ணத் தொடங்கும் கணத்துக்கும் இடையே மனிதர் செய்யும் தாமதத்தை நீக்கினார். சுழியப் பாகையில் 331 மீட்டர், பாகைக்கு 0.6 மீட்டர் உயர்வு என்ற இன்றைய எண்கள் இந்த வழியில் நிலைபெற்றன.

கோல்டிங்ஹம் வேலை செய்த வளாகத்தில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு அங்கேயே இருக்கிறது. இன்றைய வானிலை ஆய்வில் காற்றை அளக்க ஒலிவழிக் காற்றுமானிகள் பயன்படுகின்றன. சில அங்குல இடைவெளியில் இரு முனைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறிச் செவிக்கெட்டாத ஒலித் துடிப்பை அனுப்புகின்றன. போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு காற்றின் வேகத்தைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் வெப்பம் கிடைக்கிறது. பரங்கிமலை வேட்டின் கணக்கில் ஒன்றோடொன்று கலந்துபோன காற்றின் வேகமும் வெப்பமும் இக்கருவியில் விநாடிக்குப் பலமுறை தனித்தனியாகப் பிரிந்து வருகின்றன.