யாரோடு ஒப்பிட்டார்கள்?

கருமுட்டை வெளியாகாத பெண்களுக்கு நெடுங்காலம் முதல் மாத்திரையாக இருந்தது குளோமிஃபீன். 1956இல் சின்சினாட்டியில் உருவாகி, 1961இல் ராபர்ட் கிரீன்பிளாட் குழுவின் ஆய்வால் அறியப்பட்டு, 1967இல் அமெரிக்க அனுமதி பெற்றது. கருப்பையின் உட்சுவரைச் சிலருக்கு மெலிய வைப்பது அதன் குறை. மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோலை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று டொரண்டோவின் மிட்வாலியும் கேஸ்பரும் 2001இல் எழுதினார்கள். அதன்பின் எழுந்த சர்ச்சையின் போக்கைத் தீர்மானித்தது, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதே.

2005இல் மாண்ட்ரியல் மாநாட்டில் படிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கம், லெட்ரோசோலுக்குப் பின் பிறந்த சுமார் 150 குழந்தைகளிடம் இதயக் குறைபாடும் எலும்புக் குறைபாடும் கூடுதல் என்றது. ஆனால் அவர்களை ஒப்பிட்டது, சிக்கலில்லாத இயல்பான பிரசவங்களில் பிறந்த குழந்தைகளோடு. தாய்மாரின் வயதும் கருத்தரிக்கச் சிரமப்பட்ட வரலாறும் கணக்கில் வரவில்லை. மறு ஆண்டே துலாண்டி என்ற ஆய்வாளரின் குழு, சிகிச்சை பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 911 குழந்தைகளையே தமக்குள் ஒப்பிட்டது: பிறவிக் குறைபாடு லெட்ரோசோலுக்கு 2.4 சதவீதம், குளோமிஃபீனுக்கு 4.8. இருந்தும் கருமுட்டை வெளியாக லெட்ரோசோலைப் பயன்படுத்துவதை 2011இல் இந்திய அரசு தடை செய்தது.

பிறக்கப்போகும் குழந்தை விஷயத்தில் எச்சரிக்கை தவறா என்று கேட்கலாம். தவறில்லை, இந்தியாவில் அந்தப் பயன்பாட்டுக்கு முன்பு அனுமதி தரப்பட்ட விதத்தை 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் கண்டித்தது. ஆனால் எச்சரிக்கை இரு மருந்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சுழற்சியின் தொடக்கத்தில் விழுங்கும் லெட்ரோசோல் ஏறத்தாழ இரண்டு நாளில் உடலில் பாதியாகிவிடும். குளோமிஃபீனின் ஒரு பகுதியோ வாரக்கணக்கில் உடலில் தங்கும். தடை விழுந்ததோ லெட்ரோசோலின் மேல் மட்டும். 2014இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள 750 பெண்களிடம் நடந்த சோதனையில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. இந்தியத் தடை 2017இல் நீங்கியது.

அப்படியானால் லெட்ரோசோல்தான் வென்றதா? அதுவும் அவசரத் தீர்ப்பு. காரணம் புலப்படாத மலட்டுத்தன்மை பற்றிய 2015ஆம் ஆண்டுச் சோதனையில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 18.7 சதவீதம், குளோமிஃபீனில் 23.3, முன்னிலை மறைந்துவிட்டது. சீட்டில் எழுதும் மருத்துவரும் அனுமதியோ தடையோ விதிக்கும் அரசும், ‘எது சிறந்தது’ என்பதற்கு முன் ‘யாருக்கு, எதைவிட’ என்று கேட்டிருந்தால், தடை நீடித்த அந்த ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்காது.