ஜாலானும் காட்டும் கட்டையும்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தெருவைத் தேடிப் போகிறவர் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஜாலான் பெர்மாஸ் 10/5 என்றால் பத்தாம் பகுதி, அதில் ஐந்தாம் தெரு. அஞ்சல் எண் 81750. பெரிய சாலைகளில் ஜாலான் பெர்மாஸ் உத்தாரா, ஜாலான் பெர்மாஸ் செலாத்தான் என்று வடக்கும் தெற்கும் பெயராகியிருக்கின்றன. மற்றபடி கடை வரிசையாக இருந்தாலும், இரண்டு கார்கள் ஒதுங்கிப் போகும் குடியிருப்புத் தெருவாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: ஜாலான், அதாவது சாலை.

ஜொகூர் பாருவின் மற்றத் தாமான்கள், அதாவது வீடமைப்புப் பகுதிகள், பலவும் இப்படி இல்லை. ஜொகூர் ஜெயாவில் தெருக்கள் பூவும் மரமுமாகப் பூத்திருக்கின்றன: ஜாலான் தெராத்தாய், ஜாலான் டெடாப். தாமான் பெலாங்கியில் ஜாலான் கூனிங் என்று மஞ்சள் நிறமே ஒரு சாலைக்குப் பெயர். பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிடைத்ததோ எண்ணும் சாய்கோடும்.

அந்தச் சாய்கோட்டின் கதை பெட்டாலிங் ஜெயாவில் தொடங்குகிறது. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கரில் 1950களின் தொடக்கத்தில் எழுந்த புதுநகர் அது. பால்மரம் வெட்டப்பட்ட இடத்தில் நிலம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, தெருக்கள் எண்ணால் அழைக்கப்பட்டன. பிறகு எண்ணோடு எழுத்தும் சேர்ந்தது. எஸ்எஸ் என்றால் சுங்கைவே - சுபாங்; பிஜேஎஸ் என்றால் பெட்டாலிங் ஜெயா செலாத்தான். நாடெங்கும் புதிய தாமான்களைக் கட்டியவர்களுக்கு இந்த முறை வசதியாக அமைந்தது. வரைபடத்தில் கோடு போடும்போதே பெயரும் பிறந்துவிடுகிறது. யார் பெயரை வைப்பது, யாரை விடுவது என்ற வழக்கு எழுவதில்லை. ஜொகூரின் தாமான் மோலெக்கிலும் அதே சாய்கோடுதான்.

இதில் இழப்பு ஒன்று உண்டு. தெருவின் பெயரைவிட, பெயரோடு ஒட்டிவரும் வகைச்சொல்தான் பல இடங்களில் ஊரின் பழைய பிழைப்பைச் சொல்லும். தமிழில் அது பின்னால் நிற்கும்: தெரு, வீதி, சந்து, முடுக்கு. மலாயில் முன்னால் நிற்கும். ஜாலான் மட்டுமே மிஞ்சும் ஊரில் அந்தச் செய்தி அடைபட்டுப்போகிறது.

பினாங்குக்குப் போனால் வகைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. 1786-இல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய ஜார்ஜ் டவுனில் ஆங்கிலேயர் ஸ்ட்ரீட், ரோடு, லேன், டிரைவ், கிரசென்ட், அவென்யூ என்று தங்கள் ஊர் வழக்கப்படி பிரித்துவைத்தார்கள். விடுதலைக்குப் பின், குறிப்பாக 1967-இன் தேசிய மொழிச் சட்டத்தை ஒட்டி, பலகைகள் மலாய்க்கு மாறியபோது ஒவ்வொன்றுக்கும் ஈடான சொல் தேவைப்பட்டது. ஸ்ட்ரீட் லெபு ஆனது. ரோடு ஜாலான். லேன் லோரோங். கிரசென்ட் லெங்கோக். கர்னி டிரைவ் பெர்சியாரான் கர்னி ஆயிற்று. அவென்யூ லெபுராயா ஆனதுதான் வெளியூர்க்காரர்களை இன்றுவரை திகைக்க வைக்கிறது. நாட்டின் மற்ற இடங்களில் லெபுராயா என்றால் நெடுஞ்சாலை. வடக்கு - தெற்கு விரைவுச்சாலையும் லெபுராயா, பினாங்கில் கடைகளுக்கு நடுவே போகும் லெபுராயா தியன் தேக்கும் லெபுராயா.

ஆனால் பினாங்கின் வகைச்சொற்களில் அரியது வேறொன்று: காட். காட் லெபு சூலியா, காட் லெபு கெரெஜா, காட் லெபு ஆர்மேனியன் என்று கடலோரத்தில் வரிசையாக வரும். ஆங்கிலக் காலத்தில் இவை சூலியா ஸ்ட்ரீட் காட், சர்ச் ஸ்ட்ரீட் காட். இந்தியாவில் ஆற்றங்கரைப் படித்துறைக்கு வழங்கும் அதே சொல். வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பல் வந்துகொண்டிருந்த துறைமுகத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. தெரு கடலைத் தொடும் இடம்தான் காட். 1880களில் கடலை மண்ணிட்டு மேடாக்கி, ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரில் வெல்ட் கீ என்ற கரைச்சாலையை அமைத்தபோது பழைய தெருக்கள் முன்னோக்கி நீண்டன. நீண்ட துண்டுகளுக்குக் காட் என்ற அடையாளம் நிலைத்தது. இன்று லெபு சூலியாவில் கடலை நோக்கி நடப்பவர், பலகையில் காட் என்ற சொல் தோன்றும் இடத்தில், ஒரு காலத்தில் தண்ணீராக இருந்த நிலத்தில் கால் வைக்கிறார். ஒரு சின்னச் சொல் பழைய கரைக்கோட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கரையில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களிலும் படகு வலித்தவர்களிலும் தமிழர் ஏராளம். அவர்களுக்கு அரசுப் பலகை ஒரு பொருட்டாக இல்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட் அவர்கள் வாயில் கடைத்தெரு. கிங் ஸ்ட்ரீட் பகுதி படகுக்காரத் தெரு. சீனர்களும் ஹொக்கியன் மொழியில் தங்களுக்கென்று வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். ஒரே தெருவுக்கு நான்கு மொழியில் நான்கு பெயர், நான்கும் புழக்கத்தில். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் மலாயோடு தமிழும் சீனமும் அரபும் சில பலகைகளில் ஏறத் தொடங்கின. அப்போது எழுந்த வாக்குவாதம் பெரிது. பிற மொழிகள் பலகையில் ஏறிய வரைக்கும் நல்ல காரியம்.

பெர்மாஸ் ஜெயாவின் கரையிலிருந்து நீரிணைக்கு அப்பால் தெரியும் சிங்கப்பூர் வேறு வழியில் போயிற்று. அங்கேயும் எண்கள்தான், ஆனால் வகைச்சொல்லைக் கைவிடவில்லை. அதனால் புதுச் சிக்கல். பெடோக் நார்த் ஸ்ட்ரீட் 3 வேறு, பெடோக் நார்த் அவென்யூ 3 வேறு, பெடோக் நார்த் ரோடு இன்னொன்று. எண்ணை மட்டும் சொல்லி டாக்சியில் ஏறினால் வேறு வீட்டு வாசலில் இறங்க நேரும். எண் ஆட்சி செய்யும் இடத்தில் வகைச்சொல்லே பெயராகிவிடுகிறது.

தமிழர் வாழும் ஊர்களில் இந்தச் சொற்கள் ஒரே அளவில் வெட்டப்பட்டவை அல்ல. தமிழ்நாட்டில் கண்டிக்குப் போகும் ரோடு இருந்திருந்தால் அது சாலை. இலங்கையில் அது கண்டி வீதி. தமிழ்நாட்டுச் சந்து யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை. கொழும்பில் ஆங்கிலப் பலகை சீ ஸ்ட்ரீட் என்று சொல்லும் இடம் தமிழருக்குச் செட்டியார் தெரு. புதுச்சேரியில் நீலப் பலகைகளில் பிரெஞ்சு ரூ மேலேயும் தமிழ் வீதி கீழேயும் நிற்கின்றன. மதுரையில் வீதி என்ற சொல்லுக்கே அகலம் உண்டு. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும் வீதிகளில், சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில். அந்தத் தேர் திரும்ப இடமில்லாத எதையும் மதுரைக்காரர் பழைய பொருளில் வீதி என்று ஒத்துக்கொள்வது கடினம்.

ஜொகூருக்கும் தனக்கென்று சில சொற்கள் உண்டு. ஜொகூர் பாருவின் லார்கினில் சூசூர் டேவாத்தா. ஜாலான் துன் அப்துல் ரசாக்கிலிருந்து பிரியும் கிளைகள் சூசூர் 1, சூசூர் 2 என்று போகும். லோரோங் என்று எழுதக்கூடிய இடத்தில் சூசூர். மேற்குக் கரையில், பத்து பகாட், மூவார் பக்கம், தெருவின் வேலையைக் கால்வாயே செய்தது. ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்தவர்கள் சதுப்பு நிலத்தை வடிக்க வெட்டிய வாய்க்கால்கள் பாரிட். பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் என்று அவை ஊராகி நிற்கின்றன. பெர்மாஸ் ஜெயாவின் ஓரமாகக் கடலில் கலக்கும் தெபராவ் ஆற்றில் மேலே போனால் கங்கார் தெபராவ். மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனக் குடியேற்றங்களின் படகுத்துறைக்குக் கங்கார் என்று பெயர். ஆற்றுக்கு ஒரு தலைவர் என்ற அந்தக் கங்சூ முறை 1917-இல் சட்டப்படி ஒழிந்தது. சொல் ஒழியவில்லை.

தமிழர் இந்த மாநிலத்துக்குக் கொடுத்த சொல் கட்டை. பொதுப்பணித் துறை சாலையோரம் நட்ட மைல்கற்களை மலாய்க்காரர்கள் பத்து என்றார்கள், கல் என்ற பொருளில். தோட்டத்துத் தமிழர்கள் கட்டை என்றார்கள். எட்டாங்கட்டை, பத்தாங்கட்டை என்பதெல்லாம் வெறும் தூரம் அல்ல. தோட்டத்துக்குள் திரும்பும் முனை அது. பஸ் நிற்குமிடம், கடனுக்குச் சாமான் தரும் கடை, கள்ளுக்கடை எல்லாம் அதற்குள் அடக்கம். இலங்கைத் தமிழரும் மைலைக் கட்டை என்றே எண்ணினார்கள். 1970களில் மலேசியா மீட்டர் அளவைக்கு மாறத் தொடங்கியபின் மைல்கற்கள் பெயர்க்கப்பட்டு கிலோமீட்டர் கற்கள் வந்தன. “ரெண்டு கட்டை தூரம்தான்” என்று வயதானவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எண்ணெய்ப்பனைக்காகவும் வீடமைப்புக்காகவும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தாமான்களுக்கு இடம்பெயர்ந்து, சாய்கோட்டு முகவரிக்குள் வந்தார்கள்.

இன்னோர் இடத்திலும் வகைச்சொல் தமிழோடு சேர்ந்து நிலைத்திருக்கிறது. ஜொகூர் பாருவில் ஜாலான் யஹ்யா அவால் தமிழ்ப்பள்ளி, குளுவாங்கில் ஜாலான் ஹாஜி மானான் தமிழ்ப்பள்ளி, கோத்தா திங்கியில் ஜாலான் தாஜூல் தமிழ்ப்பள்ளி. நாட்டின் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் லாடாங், அதாவது தோட்டம், என்ற சொல் நிற்க, இவற்றின் பெயரில் ஜாலான் நிற்கிறது. தோட்டப் பள்ளி எது, நகரத் தெருவில் எழுந்த பள்ளி எது என்பதைப் பெயர்ப்பலகையே பிரித்துக் காட்டுகிறது. ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருப் பகுதியில் இருக்கும் ஜாலான் டோபியும் அப்படியே. அங்கே துணி வெளுத்த இந்தியர்களின் தொழில் பலகையில் தங்கிவிட்டது.

பலகையில் ஏறிய பெயர்களை நகராட்சி பார்த்துக்கொள்ளும். பலகையில் ஏறாத கட்டைகளுக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. எந்தத் தோட்டம் எத்தனையாவது கட்டையில் இருந்தது, அது இப்போது எந்தத் தாமான் என்று சொல்லக்கூடியவர்கள் பெர்மாஸ் ஜெயா, மாசாய், உலு திராம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி, ஒவ்வொரு கட்டையின் பெயரையும் அது இருந்த இடத்தையும் இந்த ஆண்டே எழுதி வாங்க வேண்டும்.